நாபோத்தின் தோட்டமும் செல்வனின் களஞ்சியமும்: சொத்து பற்றித் திருச்சபை என்ன சொல்கிறது?

சொத்து, பணம், அரசியல் ஆகிய மூன்றும் நம் இல்லங்களில் அன்றாடம் பேசப்படுபவை. ஆனால் நம் அன்பியக் கூட்டங்களிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் இவற்றைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசுகிறோம். அப்படிப் பேசும்போதும் இரு வேறு கருத்துகள் மோதிக்கொள்வதைக் காண்கிறோம்.

இயேசு செல்வந்த இளைஞனிடம் எல்லாவற்றையும் விற்று ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னார், முதல் கிறிஸ்தவர்கள் எல்லாவற்றையும் பொதுவில் வைத்திருந்தார்கள், எனவே உண்மைக் கிறிஸ்தவர் பொதுவுடைமைவாதியாகத்தான் இருக்க முடியும் என்பார் ஒருவர். திருடாதே என்பது கடவுளின் கட்டளை, உழைத்துச் சேர்த்ததைப் பறிப்பது பாவம், கடவுளை மறுக்கும் பொதுவுடைமைக் கொள்கையோடு நமக்கு என்ன உறவு என்பார் மற்றவர். இருவர் கையிலும் விவிலியம் இருக்கிறது. இருவரும் திருத்தந்தையரின் மடல்களிலிருந்து ஒரு வரியை எடுத்துக் காட்டவும் முடியும்.

இது வெறும் பட்டிமன்றத் தலைப்பு அல்ல. பாகப்பிரிவினையில் தங்கைக்கு என்ன கொடுப்பது, வீட்டு வேலை செய்பவருக்கு எவ்வளவு கூலி தருவது, தேர்தலில் யாருக்கு வாக்களிப்பது என்பவை எல்லாம் இந்தக் கேள்வியோடு பிணைந்தவை. எனவே, தனியுடைமை, செல்வம், அரசியல் கொள்கைகள் ஆகியவை பற்றித் திருச்சபை உண்மையில் என்ன கற்பித்து வந்திருக்கிறது என்பதை இக்கட்டுரையில் தொகுத்துக் காண்போம்.

பழைய ஏற்பாடு: நிலம் ஆண்டவருடையது

இஸ்ரயேல் மக்களின் நிலச் சட்டங்களுக்கு அடிப்படை ஒன்றே. நிலம் கடவுளுடையது, மக்கள் அதில் தங்கியிருக்கும் விருந்தினர் மட்டுமே (லேவி 25:23). எனவே எந்த விற்பனையும் நிரந்தரமானது அல்ல. ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலி ஆண்டில் நிலம் மீண்டும் பழைய குடும்பத்திற்கே திரும்ப வேண்டும். ஏழாம் ஆண்டில் கடன்கள் தள்ளுபடி செய்யப்பட வேண்டும் (இச 15:1-2). அறுவடை செய்பவர் வயலின் ஓரங்களை விட்டுவைக்க வேண்டும். சிந்திய கதிர்களைப் பொறுக்கக்கூடாது. அவை ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை (லேவி 19:9-10). வயல் ஒருவருடையதுதான். ஆனால் அதன் விளைச்சல் முழுவதும் அவருடையது அல்ல.

இதே பழைய ஏற்பாடு தனி உரிமையைக் காப்பதையும் நாம் கவனிக்க வேண்டும். பத்துக் கட்டளைகளில் இரண்டு, பிறர் உடைமையைத் திருடுவதையும் அதன்மீது ஆசை வைப்பதையும் தடை செய்கின்றன. 1 அரசர் 21ஆம் அதிகாரத்தில் வரும் நாபோத்து, தன் மூதாதையரின் திராட்சைத் தோட்டத்தை அரசனுக்குக் கொடுக்க மறுக்கிறார். ஆகாபு அரசன் நியாயமான விலை தருவதாகத்தான் முதலில் சொல்கிறான். நாபோத்து இணங்காதபோது அரசி ஈசபேல் பொய்ச் சாட்சிகளை ஏற்பாடு செய்து அவரைக் கல்லால் எறிந்து கொல்லச் செய்கிறாள். உடனே இறைவாக்கினர் எலியா, கொலையும் செய்து சொத்தையும் பறித்த அரசனின் முன் வந்து நிற்கிறார்.

இங்கே சொத்துரிமை யாருக்கு அரணாக இருக்கிறது? எளிய குடிமகனுக்கு. யாருக்கு எதிராக? அதிகாரம் படைத்தவனுக்கு எதிராக. வீட்டோடு வீடும் வயலோடு வயலும் சேர்ப்பவர்களை எசாயா சாடுவதும் (எசா 5:8), இரவில் படுக்கையில் திட்டமிட்டு விடிந்ததும் பிறர் நிலத்தைக் கவர்பவர்களை மீக்கா கண்டிப்பதும் (மீக் 2:1-2) இதே நீதியின் தொடர்ச்சியே.

இயேசுவும் தொடக்கத் திருச்சபையும்

இயேசுவின் கண்டனம் செல்வத்தைக் கடவுளாக்குவதன்மீது விழுகிறது. லூக்கா 12ஆம் அதிகாரத்தின் அறிவற்ற செல்வன் யாரிடமும் திருடவில்லை. அவனது நிலம் நன்றாக விளைந்தது, அவ்வளவுதான். ஆனால் விளைச்சலைக் கண்டதும் பெரிய களஞ்சியம் கட்டும் எண்ணமே அவனுக்கு வருகிறது. அவன் பேசுவதெல்லாம் தன்னோடு மட்டுமே. அவன் உலகில் வேறு மனிதரே இல்லை. இலாசரின் உவமையில் வரும் செல்வரும் இலாசரை அடிக்கவில்லை, விரட்டவில்லை. வாயிலில் கிடந்தவரைக் காணாமல் இருந்ததே அவரது குற்றம் (லூக் 16:19-31).

அதே வேளையில், இயேசுவின் பணிக்குத் தங்கள் உடைமைகளைக் கொண்டு உதவிய பெண்களை லூக்கா பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார் (லூக் 8:1-3). சக்கேயு தன் உடைமைகளில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னபோது, மீதிப் பாதியையும் கொடு என்று இயேசு கேட்கவில்லை. ஆனால் செல்வந்த இளைஞனிடம் எல்லாவற்றையும் கேட்டார். ஒருவரைக் கட்டிப்போட்டிருப்பது எதுவோ அதையே இயேசு கேட்கிறார் என நாம் புரிந்துகொள்ளலாம்.

எருசலேம் திருச்சபையில் எல்லாம் பொதுவாய் இருந்தது உண்மை (திப 2:44-45, 4:32-35). பர்னபா தம் நிலத்தை விற்றுப் பணத்தைத் திருத்தூதர்களிடம் கொண்டுவந்தார். ஆனால் அனனியா, சப்பிராவின் நிகழ்ச்சியில் பேதுரு சொல்வதைக் கூர்ந்து கவனிப்போம் (திப 5:4). விற்கும்முன் நிலம் உன்னுடையதாகவே இருந்தது, விற்றபின் பணமும் உன் விருப்பத்தில்தானே இருந்தது என்ற பொருள்படப் பேசுகிறார். அவர்களின் பாவம் ஒரு பகுதியை வைத்துக்கொண்டது அல்ல, பொய் சொன்னது. எனவே அந்தப் பகிர்வு சட்டத்தால் பறிக்கப்பட்டது அல்ல, அன்பால் பிறந்தது. ஆனால் அதன் விளைவு உணர்ச்சியோடு நின்றுவிடவில்லை. அவர்களுள் தேவையில் உழன்றவர் எவரும் இல்லை என்பதே அதன் கனி.

திருச்சபைத் தந்தையரின் கடுமையான குரல்

368ஆம் ஆண்டையொட்டிக் கப்பதோக்கியாவில் கடும் பஞ்சம் ஏற்பட்டபோது, தானியத்தைப் பதுக்கியவர்களை நோக்கிப் புனித பசிலியார் ஆற்றிய மறையுரைகள் இன்றும் நம்மை நடுங்கச் செய்பவை. நாம் பயன்படுத்தாமல் பூட்டி வைத்திருக்கும் உணவும் உடையும் இல்லாதவருக்கு உரியவை என்பதே அவற்றின் சாரம். அவர் பேசியதோடு நிற்கவில்லை. செசரியா நகருக்கு அருகில் நோயாளருக்கும் வழிப்போக்கருக்கும் ஏழைகளுக்கும் பெரியதோர் இல்லத்தை அமைத்தார்.

மிலான் ஆயர் புனித அம்புரோசியார் நாபோத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆகாபும் நாபோத்தும் பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை, ஒவ்வொரு நாளும் ஏழை ஒருவர் தம் நிலத்தை இழந்துகொண்டுதான் இருக்கிறார் என்பது அவரது வாதம். ஏழைக்குக் கொடுக்கும்போது நாம் நம்முடையதைக் கொடுக்கவில்லை, அவருடையதைத்தான் திருப்பித் தருகிறோம் என்றும் அவர் கற்பித்தார். புனித யோவான் கிறிசோஸ்தோம் அந்தியோக்கியாவில் இலாசரைப் பற்றிய மறையுரைகளில், பகிராமல் இருப்பதும் ஒருவகைக் கொள்ளையே என்றார்.

மறுபுறம், அலெக்சாந்திரியா கிளமெந்து, செல்வம் ஒரு கருவி என விளக்கினார். எவரிடமும் எதுவும் இல்லாவிட்டால் பசித்தோருக்கு உணவு தருவது எப்படி என்று அவர் கேட்டார். ஆகவே தந்தையரின் போதனை சொத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. ஆனால் அது பிச்சை போடுவதைப் பெருந்தன்மை என்று பாராட்டவும் இல்லை. அதை நீதி என்றே அழைத்தது.

புனித தோமாவின் தெளிவு

13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினா இந்த இரு இழைகளையும் ஒன்றாய் இணைத்தார். ஒரு பொருளோடு நமக்கு இரண்டு விதமான உறவு உண்டு என்பது அவரது விளக்கம். முதலாவது, அதை ஈட்டுவதும் நிர்வகிப்பதும். இரண்டாவது, அதைப் பயன்படுத்துவது. முதலாவதில் தனியுடைமை முறையானது. அதற்கு அவர் மூன்று காரணங்களைத் தருகிறார். பொதுவான பொருளைவிடத் தன் பொருளை மனிதர் அதிகக் கவனத்தோடு பேணுகிறார். யார் எதற்குப் பொறுப்பு என்பது தெளிவாக இருந்தால் குழப்பம் குறைகிறது. சண்டையும் குறைகிறது. கிராமத்தில் பொதுக் கிணறும் பொதுக் குளமும் படும் பாட்டை அறிந்த நமக்கு இந்த மூன்று காரணங்களும் எளிதில் விளங்கும்.

ஆனால் இரண்டாவதில், அதாவது பயன்பாட்டில், பொருள் பொதுவானதாகவே கருதப்பட வேண்டும். தேவையில் இருப்பவரோடு அதை மனமுவந்து பகிர வேண்டும். உயிர் போகும் அளவுக்குத் தேவையில் தவிக்கும் ஒருவர், வேறு வழியில்லாதபோது பிறர் உணவை எடுத்தால் அது திருட்டே ஆகாது என்றும் தோமா எழுதினார். கடவுள் உலகின் நலன்களை அனைவருக்கும் படைத்தார் என்பதே முதல் விதி. தனிச் சொத்து என்பது அந்த முதல் விதியை நிறைவேற்ற மனிதர் கண்ட வழி.

1891: புதிய காலத்தின் புதிய கேள்வி

தொழிற்புரட்சி ஐரோப்பாவின் முகத்தையே மாற்றியது. ஆலைகளில் குழந்தைகளும் பெண்களும் நீண்ட நேரம் உழைத்தனர். செருமனியில் கெட்டலர் என்ற குரு 1848ஆம் ஆண்டிலேயே மயின்ஸ் பேராலயத்தில் சமூகப் பிரச்சினையைப் பற்றியும் சொத்தைப் பற்றியும் மறையுரைகள் ஆற்றினார். பின்னர் அதே நகரின் ஆயரானார். இங்கிலாந்தில் 1889ஆம் ஆண்டு நடந்த இலண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் கர்தினால் மானிங் நடுநின்று தீர்வு காண உதவினார்.

இப்பின்னணியில்தான் திருத்தந்தை 13ஆம் லியோ 1891ஆம் ஆண்டு மே 15 அன்று ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். தனியுடைமை மனிதரின் இயல்பான உரிமை என்றும், சமதர்மவாதிகள் கேட்பதுபோல் அதை ஒழிப்பது தொழிலாளருக்கே தீங்கு என்றும் அம்மடல் வாதிட்டது. இப்பகுதியை மட்டும் படிப்பவர்கள், திருச்சபை முதலாளிகளின் பக்கம் நின்றது என்பர்.

ஆனால் அதே மடலை முழுதாகப் படித்தால் வேறொன்று தெரியும். பசியின் கட்டாயத்தால் தொழிலாளர் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டாலும் அது அநீதியே என்றார் லியோ. தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையை வலியுறுத்தினார். ஏழைகளைக் காக்க அரசு தலையிட வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, தொழிலாளியின் கூலி, சிக்கனமாக வாழ்ந்தால் சிறிது சேமித்து ஒரு துண்டு நிலம் வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும், இயன்ற அளவு அதிகமானோர் சொத்துடையவர் ஆகும்படி சட்டங்கள் உதவ வேண்டும் என்றார்.

இதை நாம் சற்று ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். சொத்து மனிதரின் இயல்பான உரிமை என்றால், அது சொத்து உள்ளவர்களுக்கு மட்டும் உரிய உரிமை அல்ல. சொத்து இல்லாதவர்களும் அதைப் பெறுவதற்கான உரிமை அது. இருப்பவரின் வேலியைக் காக்க மட்டும் இப்போதனையைப் பயன்படுத்துபவர்கள் அதில் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

லியோவுக்குப் பின்

நாற்பது ஆண்டுகளுக்குப்பின், 1931ஆம் ஆண்டில், திருத்தந்தை 11ஆம் பயஸ், சொத்துக்குத் தனிமனித முகமும் சமூக முகமும் உண்டு என்றார். சமூக முகத்தை மறுத்தால் தன்னலவாதத்தில் மோதுவோம். தனிமனித முகத்தை மறுத்தால் கூட்டுடைமைவாதத்தில் மோதுவோம் என எச்சரித்தார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு டிசம்பர் 7 அன்று வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, மண்ணுலக நலன்கள் மனிதர் அனைவருக்கும் உரியவை என்ற கோட்பாட்டை முதலில் வைத்து, அதன் ஒளியில் தனியுடைமையை விளக்கியது (எண் 69-71). பரந்த நிலங்கள் தரிசாகக் கிடக்க, உழைப்பவர் நிலமின்றி வாடும் நாடுகளில் நிலச் சீர்திருத்தம் தேவை என்றும், நிலம் எடுக்கப்பட்டால் நியாயமான இழப்பீடு தரப்பட வேண்டும் என்றும் அது கூறியது. 1967ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல், தனியுடைமை எவருக்கும் நிபந்தனையற்ற உரிமை அல்ல எனத் தெளிவாக எழுதினார்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979ஆம் ஆண்டு மெக்சிகோவின் புவெப்லாவில் ஆற்றிய உரையில் ஓர் அழகிய உருவகத்தைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு தனிச் சொத்தின்மீதும் ஒரு சமூக அடமானம் இருக்கிறது என்பதே அது. மனை வாங்குமுன் நாம் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்க்கிறோம். சொத்தின்மேல் பிறருக்கு ஏதேனும் பாத்தியதை உண்டா என்று தேடுகிறோம். திருத்தந்தை சொல்லும் இந்த வில்லங்கம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவாகியிருக்காது. ஆனால் அது எல்லாச் சொத்தின்மீதும் இருக்கிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஃபிரத்தெல்லி தூத்தி’ மடலில், தனியுடைமை இரண்டாம் நிலை உரிமை என்றார். இது புதுமை அல்ல. புனித தோமா சொன்னதன் தொடர்ச்சியே. இரண்டாம் நிலை என்றால் பொய்யான உரிமை என்று பொருள் அல்ல. அது வேறொரு உரிமையிலிருந்து பிறந்தது, அதற்குப் பணிபுரியக் கடமைப்பட்டது என்று பொருள். 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, 13ஆம் லியோவையும் அவரது சுற்றுமடலையும் நினைவுகூர்ந்தே 14ஆம் லியோ என்ற பெயரை ஏற்றார். செயற்கை நுண்ணறிவு கொண்டுவரும் மாற்றங்களின் நடுவே உழைப்பின் மாண்பைக் காப்பது இன்றைய பணி என்றும் அவர் சுட்டிக்காட்டினார்.

அரசியல் கொள்கைகளை எப்படிப் பார்ப்பது?

திருச்சபை எந்தக் கட்சியையும் தன் கட்சியாக்கிக்கொள்வதில்லை. ஆனால் ஒவ்வொரு கொள்கையையும் மனித மாண்பு, பொதுநலன் என்ற அளவுகோல்களால் அளந்து பார்க்கிறது.

மார்க்சியம். இறைமறுப்பையும், வகுப்புப் போரை வரலாற்றின் ஒரே விதியாகக் கொள்வதையும், தனிமனிதரை அரசுக்குள் கரைத்துவிடுவதையும் திருச்சபை நிராகரித்தது. ஆனால் தொழிலாளரின் துயரத்தை அது கண்டுகொண்டதைத் திருச்சபை மறுக்கவில்லை. திருத்தந்தை 23ஆம் யோவான் 1963ஆம் ஆண்டில், ஒரு தவறான தத்துவத்தையும் அதிலிருந்து எழுந்த சமூக இயக்கத்தையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது, இயக்கங்கள் காலப்போக்கில் மாறக்கூடியவை, அவற்றில் நல்லவையும் இருக்கக்கூடும் என்று எழுதினார்.

தாராளவாத முதலாளித்துவம். சந்தையே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கையைத் திருச்சபை ஏற்கவில்லை. சோவியத் நாடு சிதறிய 1991ஆம் ஆண்டில் வெளியான ‘செந்தேசிமுஸ் ஆன்னுஸ்’ மடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், முதலாளித்துவம் வென்றுவிட்டதா என்ற கேள்விக்கு இரு பதில்கள் தந்தார். தொழில்முனைவு, சந்தை, பொறுப்புள்ள தனியுடைமை, மனிதரின் படைப்பாற்றல் ஆகியவற்றை மதிக்கும் முறை என்றால் ஏற்கலாம். நீதியான சட்டத்துக்குக் கட்டுப்படாத பொருளாதாரச் சுதந்திரம் என்றால் ஏற்கவியலாது.

பாசிசமும் நாசிசமும். இவை தனிச் சொத்தை ஒழிக்கவில்லை. ஆனாலும் அரசையும் இனத்தையும் கடவுளின் இடத்தில் வைத்தன. 1937ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாளிட்ட மடலில் நாசிசத்தையும், மார்ச் 19ஆம் நாளிட்ட மடலில் இறைமறுப்புப் பொதுவுடைமையையும் திருத்தந்தை 11ஆம் பயஸ் கண்டித்தார். சொத்தைக் காப்பாற்றித் தருகிறார்கள் என்பதற்காக ஓர் ஆட்சியை ஆதரித்துவிட முடியாது என்பதற்கு ஐந்து நாள் இடைவெளியில் வந்த இவ்விரு மடல்களும் சாட்சி.

விடுதலை இறையியல். இலத்தீன் அமெரிக்காவில் ஏழைகளின் பார்வையிலிருந்து எழுந்த இந்த இறையியலைக் குறித்து விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1984இலும் 1986இலும் இரு ஏடுகளை வெளியிட்டது. முதலாவது, மார்க்சியச் சிந்தனையைச் சீர்தூக்காமல் எடுத்தாள்வதை எச்சரித்தது. இரண்டாவது, விடுதலையும் ஏழைகள்பால் அன்பும் நற்செய்தியின் உள்ளடக்கமே என விளக்கியது. எல் சால்வதோர் பேராயர் ஆஸ்கர் ரொமேரோவைப் பொதுவுடைமைவாதி எனப் பழித்தவர்கள் பலர். 1980ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று திருப்பலியின்போது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2018ஆம் ஆண்டு திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஏழைக்காகப் பேசுபவருக்கு உடனே ஒரு கட்சி முத்திரை குத்தும் பழக்கம் நம்மிடமும் உண்டா என நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பகிர்ந்து வாழ முயன்றவர்கள்

இக்கொள்கைகளுக்கு அப்பால், வாழ்ந்து காட்டியவர்களும் உண்டு. புனித பெனடிக்டின் ஒழுங்கு, துறவியருக்குத் தனிச்சொத்து கூடாது என்கிறது. 16ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஹட்டரைட் சபையினர் குடும்பங்களாகவே இன்றும் பொதுவுடைமையில் வாழ்கின்றனர். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, நேர்மையாய் ஈட்டு, சிக்கனமாய்ச் சேமி, தாராளமாய்க் கொடு என்ற மூன்று படிகளைக் கற்பித்தார்.

ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியிலுள்ள மொந்திரகோன் ஊருக்கு 1941ஆம் ஆண்டு வந்த அரிஸ்மென்தியாரியெத்தா என்னும் இளம் குரு, 1943இல் ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். அவரிடம் பயின்ற ஐவர் 1956இல் ஒரு சிறு தொழிற்சாலையை நிறுவினர். அங்கே தொழிலாளரே உரிமையாளர். பங்கு எவ்வளவாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கு. இன்று அது பல்லாயிரம் பேர் பணிபுரியும் கூட்டுறவுக் குழுமமாய் வளர்ந்துள்ளது. முதலாளியும் அரசும் தவிர மூன்றாவது வழி இல்லை என்பவர்களுக்கு இது ஒரு பதில்.

நம் நாட்டில்

இந்திய அரசியல் சட்டம் தொடக்கத்தில் சொத்துரிமையை அடிப்படை உரிமையாக வைத்திருந்தது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் அதை அப்பட்டியலிலிருந்து நீக்கிச் சட்டபூர்வ உரிமையாக்கியது (பிரிவு 300ஏ). நாட்டின் பொருள்வளங்கள் பொதுநலனுக்கு உதவும் வகையில் பகிரப்பட வேண்டும் என்கிறது பிரிவு 39(பி). தனியார் சொத்துகள் எல்லாமே சமுதாயத்தின் பொருள்வளம் ஆகிவிடுமா என்ற கேள்விக்கு, அப்படி எல்லாமே ஆகிவிடாது எனவும், சில ஆகக்கூடும் எனவும் 2024ஆம் ஆண்டு நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. திருச்சபை இருபது நூற்றாண்டுகளாகச் சிந்தித்துவரும் அதே கேள்விதான் இது.

காந்தியடிகள், செல்வர் தம் செல்வத்துக்கு உரிமையாளர் அல்லர், தர்மகர்த்தாவே என்றார். 1892ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க முன்வந்தது. அதற்குக் காரணமாய் அமைந்தது செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கை. பஞ்சமி நிலம் எனப்படும் அந்நிலங்களில் பல, சட்டத்தின் தடையையும் மீறிப் பிறர் கைகளுக்குப் போயின. அவற்றை மீட்கப் போராடுபவர்கள் கேட்பது சொத்தை ஒழிக்க அல்ல, தங்களுக்கு உரிய சொத்தை. அவர்கள் நம் காலத்து நாபோத்துகள்.

நம்மவர் மத்தியிலும் நீதி எளிதில் நடந்துவிடவில்லை. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகளுக்கு மகனின் பங்கில் கால் பாகம் அல்லது 5000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதை மட்டுமே தந்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின்னரே அங்குள்ள கிறிஸ்தவப் பெண்களுக்கு, உயில் எழுதப்படாத தந்தையின் சொத்தில் சமபங்கு உறுதியானது. கேரளத்தில் 1957இல் ஆட்சிக்கு வந்த பொதுவுடைமை அரசின் கல்விச் சட்டத்தையும் பிற நடவடிக்கைகளையும் எதிர்த்து எழுந்த போராட்டத்தில் கத்தோலிக்கர் முன்னணியில் நின்றனர். 1959 ஜூலை 31 அன்று அவ்வரசு கலைக்கப்பட்டது. அப்போது காக்கப்பட்டது மனச்சான்றின் உரிமையா, நிர்வாகத்தின் உடைமையா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. இரண்டையும் பிரித்தறிவது எளிதல்ல என்பதே நமக்குப் பாடம்.

திருச்சபையின் சொத்து

பிறருக்குப் போதிக்கும் இப்போதனை திருச்சபையின் சொத்துக்கும் பொருந்தும். போர்க்கைதிகளை மீட்கக் கோவிலின் பொற்பாத்திரங்களை உருக்கி விற்ற புனித அம்புரோசியார், பாத்திரங்களைவிட மனிதரே மேல் எனத் தம்மைக் குறை கூறியவர்களுக்குப் பதிலளித்தார். திருச்சபையின் செல்வங்களைக் கொண்டுவரச் சொன்ன உரோமை அதிகாரியிடம் திருத்தொண்டர் புனித லாரன்ஸ் ஏழைகளையே கூட்டிவந்து காட்டினார் என்பது மரபு. நம் கோவில் நிலம், பள்ளி, மருத்துவமனை ஆகியவை யாருக்காக இருக்கின்றன, அங்கே வேலை செய்பவருக்கு நீதியான கூலி கிடைக்கிறதா, கணக்குகள் பங்கு மக்களுக்குத் தெரிகின்றனவா என்று கேட்பது திருச்சபைக்கு எதிரான பேச்சு அல்ல. அது திருச்சபையின் போதனையே.

நம் நிலைப்பாடு என்ன?

தொடக்கத்தில் கண்ட இருவரிடமும் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. சொத்து வைத்திருப்பது பாவம் அல்ல. பிறரின் சொத்தைப் பறிப்பது, அரசே பறித்தாலும், அநீதி. ஆனால் நம் பெயரில் பட்டா இருப்பதால் அது நமக்கு மட்டுமே உரியது என எண்ணுவது நற்செய்திக்கு முரணானது. கொடுப்பது தர்மம் மட்டுமல்ல, கடமை. விவிலியம் நாபோத்தின் தோட்டத்தைக் காக்கிறது. அறிவற்ற செல்வனின் களஞ்சியத்தைக் கண்டிக்கிறது. இரண்டும் தனிச் சொத்துகளே. ஒன்று ஒரு குடும்பத்தை வாழ வைத்தது. மற்றொன்று அண்டை வீட்டாரின் பசிக்குக் கதவை அடைத்தது.

ஆகவே ஒரு கட்சியையோ கொள்கையையோ எடைபோடும்போது, அது சொத்தை ஆதரிக்கிறதா எதிர்க்கிறதா என்று மட்டும் கேட்டு நின்றுவிட வேண்டாம். இன்று ஒன்றுமில்லாதவர் நாளை ஒரு வீட்டையும் ஒரு துண்டு நிலத்தையும் நிலையான வேலையையும் பெற அது வழி செய்கிறதா என்று கேட்போம். கடவுளின் இடத்தில் பணத்தையோ அரசையோ இனத்தையோ அது வைக்கிறதா என்று பார்ப்போம்.

சிந்திக்க:

1. நம் வீட்டிலும் வயலிலும் கடையிலும் வேலை செய்பவருக்கு நாம் தரும் கூலியில் அவர் குடும்பம் மாண்போடு வாழ முடியுமா?

2. பாகப்பிரிவினையில் நம் சகோதரிகளுக்குரிய பங்கைக் கொடுத்தோமா, அல்லது கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டோமா?

3. கடன் கொடுக்கும்போது பிறரின் அவசரத்தை நம் வருமானமாக்குகிறோமா?

4. நம் அலமாரியிலும் வங்கிக் கணக்கிலும் பயன்படாமல் கிடப்பவற்றுள் யாருடைய பங்கு இருக்கிறது?

இக்கேள்விகளை நம் குடும்பச் செபத்திலும் அன்பியக் கூட்டத்திலும் எடுத்துப் பேசுவோம். சக்கேயு தன் கணக்கை வீட்டில் வைத்தே தீர்த்தார். அன்றே அவ்வீட்டுக்கு மீட்பு வந்தது. நம் வீட்டுக் கணக்கையும் ஆண்டவர் முன் திறந்து வைக்க அவரது அருளை வேண்டுவோம்.